காயம்பட்ட கையும் கணக்கில் வராத நிஃமத்களும்

 



ஓசூரில் சிப்காட் பக்கம் உள்ள பள்ளிவாசல்களின் ஜும்ஆ ஸஃப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பெனி சீருடையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் ஷிஃப்டுக்கு நடுவே ஓடி வந்தவர்கள் அங்கே நிற்பார்கள். தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்கள். தக்பீர் கட்டும்போது சில கைகளில் ஒரு விரல் பாதியோடு நிற்கும். சிலர் மடங்காத முழங்காலோடு நாற்காலியில் இருப்பார்கள். பிரஸ் மெஷினும் லேத்தும் ஓடும் ஊர் இது. நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலையும் ஊர் நடுவே போகிறது. காயம் என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரிந்த விருந்தாளி.

அப்படிக் காயம்பட்டு வீட்டில் கிடக்கும் ஒருவருக்கு ஷுக்ர் என்றால் என்ன? "அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள்" என்று அவரிடம் நாம் எப்படிச் சொல்வது? சொல்லலாமா? இந்த வாரம் இதைப் பற்றிச் சிந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

முந்திரிப் பருப்பளவு எலும்பு

மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் 8 சிறிய எலும்புகள் மணிக்கட்டில் மட்டும் உள்ளன. கட்டை விரலின் அடியில் முந்திரிப் பருப்பு அளவில், ஏறக்குறைய அதே வடிவில் ஓர் எலும்பு உண்டு. வண்டியிலிருந்து விழும்போது கையை ஊன்றினால் பல நேரம் விரிசல் விடுவது அதுதான். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் கூடுவதற்கு நாள் பிடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் வண்டி வழுக்கி எனக்கும் இதே எலும்பில் விரிசல் விட்டது. வலது கை, பத்து வாரம் மாவுக்கட்டு. அதற்கு முன் நாற்பது வருடமாக அந்த எலும்பு என்னோடுதான் இருந்தது. அதன் பெயரும் எனக்குத் தெரியாது, அது இருப்பதும் தெரியாது. அது அசையக் கூடாது என்று மருத்துவர் கட்டிய பிறகுதான், அது எத்தனை வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. ஜிப்பா பொத்தான் போட முடியவில்லை. கைலியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. ஒளுவுக்குக் குழாயைத் திறக்க ஆள் தேவைப்பட்டது. முஸ்ஹஃபின் பக்கத்தைப் புரட்ட மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை நான் எந்த மத்ரஸாவிலும் அப்படிப் படித்ததில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இதைவிடப் பெரிய அனுபவம் இருக்கும். மாவுக்கட்டைப் பிரித்த அன்று, தேய்ந்து வெளுத்த அந்தக் கையில் ஒரு டம்ளர் டீயைத் தூக்கியபோது கண் கலங்கியிருப்பீர்கள். ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டு நாலு அடி நடந்தபோது வீடே கூடி நின்று பார்த்திருக்கும்.

ஆரோக்கியமும் ஓய்வும் மக்களில் அதிகமானோர் ஏமாந்துபோகும் இரண்டு நிஃமத்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (நூல்: புகாரி). ஒரு வியாபாரி நல்ல சரக்கை விலை தெரியாமல் விட்டுவிடுவதைப் போல, கையும் காலும் நன்றாக இருக்கும்போது அவற்றின் விலை நமக்குத் தெரிவதில்லை. அல்லாஹ்வின் நிஃமத்களை எண்ணத் தொடங்கினால் உங்களால் எண்ணி முடிக்க முடியாது என்ற கருத்தை அல்லாஹ் குர்ஆனில் இரண்டு இடங்களில் (14:34, 16:18) சொல்கிறான். வெளியே உள்ள மழையையும் மாந்தோப்பையும் எண்ணுவது இருக்கட்டும். நம் தோலுக்குள் இருப்பதையே நாம் எண்ணி முடிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களும் விழுந்து காயப்பட்டார்கள்

காயம்பட்டுக் கிடப்பவர்களின் மனதை முதலில் வாட்டுவது இபாதத்தைப் பற்றிய கவலை. "ஹஜ்ரத், நின்று தொழ முடியவில்லை, ஸஜ்தா செய்ய முடியவில்லை. அல்லாஹ் என்னை ஒதுக்கிவிட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்ட வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்தார்கள். அவர்களின் வலப்பக்கம் சிராய்த்துக் காயமானது. தோழர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். தொழுகை நேரம் வந்தது. அல்லாஹ்வின் தூதர் உட்கார்ந்தே தொழுதார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில், பேரீச்ச மரத்தின் அடிப்பாகத்தில் விழுந்ததால் பாதம் பிசகியது என்றும், ஆயிஷா (ரலி) அவர்களின் மாடி அறையில் நபியவர்கள் தங்கியிருந்தார்கள் என்றும் வருகிறது (நூல்: அபூதாவூத்). இது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நடந்ததாக இப்னு ஹிப்பான் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். இரவில் கால்கள் வீங்கும் அளவுக்கு நின்று தொழுதவர்கள் அவர்கள். ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்கப்பட்டபோது, நான் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்ற கருத்தில் பதில் சொன்னவர்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). கால் நன்றாக இருந்தபோது நின்ற தொழுகை அவர்களின் ஷுக்ர். கால் பிசகியபோது உட்கார்ந்து தொழுததும் அவர்களின் ஷுக்ர்தான். அல்லாஹ் தந்த சலுகையை மனமகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதும் நன்றியில் சேர்ந்தது.

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் படுத்துக்கொண்டும் தொழும்படியும் நபியவர்கள் வழிகாட்டினார்கள் (நூல்: புகாரி). அந்த ஸஹாபி பிற்காலத்தில் பஸராவில் நீண்ட காலம் நோய்ப் படுக்கையிலேயே இருந்தார்கள். அந்தப் படுக்கையில் மலக்குகள் அவர்களுக்கு ஸலாம் சொன்னார்கள் என்ற செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. படுக்கையில் கிடப்பவரை அல்லாஹ் ஒதுக்கிவிடுவதில்லை.

இன்னொரு நற்செய்தியும் உண்டு. அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, ஊரில் நலமாக இருந்தபோது அவன் செய்துவந்த அமல்கள் அப்படியே அவனுக்கு எழுதப்படுகின்றன (நூல்: புகாரி). கம்பெனியில் லீவு தீர்ந்தால் சம்பளம் நிற்கலாம். அல்லாஹ்வின் பதிவேட்டில் உங்கள் வருகை நிற்பதில்லை. ஃபஜ்ருக்கு வழக்கமாகப் பள்ளிக்கு வந்தவர், கால் முறிந்து வீட்டில் இருக்கும்போதும் பள்ளிக்கு வந்தவராகவே எழுதப்படுகிறார்.

கட்டுப் போட்டிருப்பவர்கள் ஒளுவை எப்படிச் செய்வது என்ற மஸ்அலாவையும் சேர்த்துச் சொல்கிறேன். நனைந்தால் கெடும் கட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. காயமில்லாத இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் மஸஹ் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இது போதும். ஷாஃபிஈ மத்ஹபில் இதோடு தயம்மும் செய்வதும் சேரும். கட்டு எந்த உறுப்பில் உள்ளது, எப்படிப் போடப்பட்டது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும் என்பதால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் காயம்பட்ட ஒருவரிடம், உமக்குச் சலுகை இல்லை, குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சிலர் சொல்லி, அவர் குளித்து இறந்துபோனார். அதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று வருந்தினார்கள் (நூல்: அபூதாவூத்). வலது கையில் காயம் என்றால் இடது கையால் சாப்பிடுவதிலும் குற்றமில்லை. இமாம் நவவி (ரஹ்) போன்றோர் இதைத் தெளிவாக எழுதியுள்ளனர்.

ஷுக்ரை யார் சொல்ல வேண்டும்?

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன். மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவர். கலீஃபா வலீதைச் சந்திக்கப் போன பயணத்தில் அவர்களின் காலில் புண் அழுகி மேலே பரவியது. காலை வெட்ட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அதே பயணத்தில் அவர்களின் மகன் ஒருவர் லாயத்தில் கால்நடை உதைத்து இறந்துபோனார். உர்வா (ரஹ்) அவர்கள் அல்லாஹ்விடம் சொன்னதன் சாரம் இதுதான்: எனக்கு ஏழு மக்கள் இருந்தார்கள், நீ ஒருவரை எடுத்துக்கொண்டு ஆறு பேரை விட்டு வைத்தாய். கைகளும் கால்களுமாக நான்கு இருந்தன, ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டு வைத்தாய். உனக்கே புகழ்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. "மிச்சம் மூன்று இருக்கிறதே" என்று எண்ணியவர் யார்? காலை இழந்தவரே எண்ணினார். பார்க்க வந்தவர்கள் எண்ணிக் காட்டவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? இரண்டு விரல் போன இளைஞனைப் பார்க்க ஆப்பிள் பையோடு போகிறோம். "நல்ல வேளை, கையே போகாமல் இரண்டு விரலோடு போச்சு. ஷுக்ர் பண்ணு தம்பி" என்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். அவன் தலையாட்டுகிறான். நாம் போன பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவனுக்கு மார்க்கம் தெரியாமல் இல்லை, அல்லாஹ்வின் மீது கோபமும் இல்லை. அவனுடைய வலியைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது.

அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள் (21:83). அதே நபியைத்தான் பொறுமையாளர் என்றும் மிகச் சிறந்த அடியார் என்றும் அல்லாஹ் புகழ்கிறான் (38:44). வலிக்கிறது என்று சொல்வது நன்றிகெட்டதனம் ஆகாது. ஒரே இரவில் ஒருவர் வலியால் அழவும் செய்யலாம், "அல்ஹம்து லில்லாஹ்" சொல்லவும் செய்யலாம்.

நபி (ஸல்) அவர்கள் நோயாளியைப் பார்க்கச் சென்றால் கவலைப்பட வேண்டாம், இன்ஷா அல்லாஹ் இது பாவங்களைத் தூய்மையாக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். தம் வலக்கரத்தால் தடவி, மனிதர்களின் இரட்சகனே இந்தத் துன்பத்தை நீக்கிவிடு என்று துஆ செய்வார்கள் (நூல்: புகாரி). ஆறுதல், தொடுதல், துஆ. நீங்கள் பார்க்கப் போகும்போது இந்த மூன்றும் போதும். மிச்சத்தை எண்ணும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் எண்ணத் தொடங்கும்போது பக்கத்தில் இருங்கள்.

ஒரு விரலின் விலை

ஷுக்ர், ஸபர் என்ற இரண்டு சொற்களையும் இன்னொரு தவறான இடத்திலும் பயன்படுத்துகிறார்கள். "விதி, என்ன செய்வது, ஸபர் செய்" என்று சொல்லி, காயம்பட்ட தொழிலாளியின் உரிமையை அவரே கேட்காதபடி செய்துவிடுவது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பிள்ளைகள் பலர், கையில் கட்டோடு ரயிலேறி ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

மார்க்கம் ஒரு விரலுக்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறது தெரியுமா? இழந்த ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகங்கள் ஈடு என்று நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்தார்கள் (நூல்: திர்மிதீ). சுண்டு விரலும் கட்டை விரலும் இதில் சமம் என்றும் சொன்னார்கள் (நூல்: புகாரி). உமர் (ரலி) அவர்கள் முதலில் விரல்களின் பயனைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஈடு விதித்தார்கள் என்றும், அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) குடும்பத்தாரிடம் இருந்த நபியவர்களின் கடிதத்தில் எல்லா விரல்களும் சமம் என்று இருந்தது தெரிந்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது.

நம் நாட்டின் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் விரல்களுக்கு ஓர் அட்டவணை போட்டது. கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7 என்று கணக்கிட்டது. சம்பாதிக்கும் திறனை அளப்பதற்கு இந்தக் கணக்கு தேவை, அதை வாங்கவும் வேண்டும். ஆனால் அல்லாஹ்வின் தூதர் பார்த்த பார்வையில் சுண்டு விரலும் சின்னதில்லை. நாம் "சின்ன விஷயம்" என்று ஒதுக்கும் நிஃமத்துக்கு மார்க்கம் வைத்த மதிப்பு இது.

ஆகவே உரிமையைக் கேட்பது ஷுக்ருக்கு எதிரானது என்று யாரும் எண்ண வேண்டாம். ஈ.எஸ்.ஐ. பதிவு உள்ள தொழிலாளிக்கு வேலையில் காயம் ஏற்பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் அளவில் உதவித்தொகை உண்டு. நிரந்தர ஊனத்துக்குத் தனி உதவியும் உண்டு. காயம்பட்ட அன்றே விபத்தைப் பதிவு செய்ய வைப்பதும், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வைப்பதும், மொழி தெரியாத சகோதரருக்காக அலுவலகம் வரை கூட நடப்பதும் ஜமாஅத்தார் செய்யக்கூடிய இபாதத்கள். நீங்கள் சூப்பர்வைசராகவோ ஒர்க்ஷாப் முதலாளியாகவோ இருந்தால், உங்கள் பத்து விரல்களுக்கான ஷுக்ர் என்ன தெரியுமா? உங்களிடம் வேலை செய்பவரின் பத்து விரல்களும் மாலையில் அப்படியே வீட்டுக்குப் போவதுதான். உற்பத்தி குறைகிறது என்று மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது (நூல்: திர்மிதீ).

குணமாகும் நாட்களில் செய்ய வேண்டியவை

காயம் ஆறும் நாட்கள் நீளமானவை. புத்தூர் கட்டுக்குப் போவதா, பெங்களூருக்குப் போவதா என்ற வீட்டுச் சண்டையெல்லாம் முடிந்து, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு நீங்கள் மட்டும் கூரையைப் பார்த்துக் கிடப்பீர்கள். அந்த நேரத்துக்கு மூன்று அமல்கள்.

முதலாவது, ஒவ்வொரு நாளும் திரும்பக் கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி ஹம்து செய்யுங்கள். "எல்லாவற்றுக்கும் அல்ஹம்து லில்லாஹ்" என்று பொதுவாகச் சொல்வது நல்லதே. அதோடு, "யா அல்லாஹ், இன்று நானே பல் துலக்கினேன், அல்ஹம்து லில்லாஹ். இன்று பிறர் தாங்காமல் கழிவறைக்குப் போனேன், அல்ஹம்து லில்லாஹ்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கவளம் உண்டாலும் ஒரு மிடறு பருகினாலும் தன்னைப் புகழும் அடியானை அல்லாஹ் பொருந்திக்கொள்கிறான் (நூல்: முஸ்லிம்). அவன் கேட்கும் ஷுக்ரின் அளவு ஒரு கவளம், ஒரு மிடறு. கழிவறையிலிருந்து வெளியே வந்ததும் ஓத ஒரு துஆவை நம் மார்க்கம் கற்றுத் தந்ததன் அருமை, படுக்கையில் இருந்து எழுந்தவருக்கே நன்றாகப் புரியும்.

இரண்டாவது, உங்களைத் தாங்கிய மனிதர்களுக்கு வாய்விட்டு நன்றி சொல்லுங்கள். மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் (நூல்: அபூதாவூத், திர்மிதீ). குளிப்பாட்டிய மனைவி, தோளில் தாங்கிய மகன், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போன அறை நண்பர், அவர் எந்த மதமாக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், அவரிடம் நேரில் சொல்லுங்கள். நம் ஆண்கள் பலருக்கு மனைவியிடம் "ஜஸாகல்லாஹ்" என்று சொல்ல நாக்கு வராது. காயம் அதைப் பழக்கட்டும்.

மூன்றாவது, திரும்பக் கிடைத்த உறுப்பை அல்லாஹ்வுக்குப் பொருத்தமான வேலையில் முதலில் ஈடுபடுத்துங்கள். மனிதன் 360 மூட்டுகளோடு படைக்கப்பட்டிருக்கிறான் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு காலையிலும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தர்மம் கடமையாகிறது. தஸ்பீஹும் தர்மம், நல்லதை ஏவுவதும் தர்மம். ளுஹா நேரத்தில் தொழும் இரண்டு ரக்அத் இவை அனைத்துக்கும் ஈடாகும் (நூல்: முஸ்லிம்). நலமாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நாளைக் காலை ஜெனரல் ஷிஃப்ட் பஸ் வருமுன், இந்த மூட்டுகளுக்காக இரண்டு ரக்அத் தொழுங்கள். நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஸஜ்தாவில் ஏழு உறுப்புகளும் தரையில் படும்போது, ஏழும் வலியில்லாமல் படுகின்றனவா என்று ஒரு கணம் கவனியுங்கள். வலியில்லை என்றால் அதுவே அன்றைய உங்கள் முதல் ஹம்து.

தன் இருப்பிடத்தில் அச்சமின்றி, உடலில் சுகத்தோடு, அன்றைய உணவோடு காலையை அடைந்தவருக்கு உலகமே திரட்டித் தரப்பட்டது போன்றதாகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (நூல்: திர்மிதீ). இந்த மூன்றில் ஒன்று குறையும்போதுதான் மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றும் இருக்கும்போதே பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

யா அல்லாஹ்! படுக்கையில் கிடக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! உறுப்புகளை இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததை இம்மையிலும் மறுமையிலும் பகரமாகத் தருவாயாக! அவர்களின் ஹக்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேர எங்களைக் காரணமாக்குவாயாக! மெஷினிலும் சாலையிலும் உழைக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாத்து மாலையில் வீடு சேர்ப்பாயாக! நீ தந்த சின்னஞ்சிறு நிஃமத்களையும் நலமாக இருக்கும்போதே கண்டு உனக்கு நன்றி செலுத்தும் அடியார்களாக எங்கள் அனைவரையும் ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.